சேர்க்கை எண் 7714

தண்டையார்பேட்டைக் கிளை நூலகத்தில்
ஒரு எழுத்தாளரின் புகழை அளக்க
என்னிடம் இருந்த ஒரே கருவி
பின்னட்டைக்கு உள்ளே ஒட்டிய தேதித் தாள்.

வ. எத்திராஜன், காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
கணக்கு எழுதிக்கொண்டே எழுதிய நாவல்.
சேர்க்கை எண் 7714.
முதல் இரண்டு வருடம் முத்திரை குத்த இடமில்லாமல்
தாளின் மேல் தாள் ஒட்டினேன்.
"நம்ம பேச்ச அப்டியே போட்டுக்கீறான்யா" என்று
சத்தமாய்ப் படித்துச் சிரித்து
மூன்று பேர் ஒரு பெஞ்சையே உடைத்தார்கள்.
கடைசியில் அருஞ்சொற்பொருள் சேர்க்கச் சொன்னார்
ஒரு பேராசிரியர்.
எத்திராஜன் சேர்க்கவில்லை.

பிறகு பரிசு. பிறகு டெல்லி. பிறகு
பெயரைச் சொன்னால் இன்றும் அவருக்குச் சங்கடமாகும்
ஒரு நாட்டில் இந்தியத் தூதர்.

அந்த வருடமே அரசாணையில் வந்திறங்கின
கெட்டி அட்டையில் முப்பத்தெட்டுப் பிரதிகள்,
கழுத்து மூடிய கோட்டில் அவர் படத்தோடு.
ஒன்றிலும் முத்திரை விழவில்லை.
படிக்காமலே மதிக்கலாம் என்கிற அளவுக்கு
பெரிய மனிதர் ஆகிவிட்டிருந்தார்.

ஒரு ஐப்பசியில்
புயல் தள்ளிப்போன விசைப்படகு ஒன்றை
அதே நாட்டுக் கடற்படை பிடித்தது.
ஒன்பது பேர்.
மீன் செதில் ஒட்டிய முழங்கையோடு
மனு எழுத வந்தாள் தேசம்மா.
"நம்மாளுதான சார் அங்க தூதரு, எழுதுங்க."
எழுதினேன். மூன்று வாரத்தில் பதில்:
தங்கள் கோரிக்கை உரிய மட்டத்தில்
உரிய முறையில் எடுத்துரைக்கப்பட்டு வருகிறது.
இரண்டு தரம் படிக்கச் சொன்னாள்.
"இதுல எங்க வூட்டுக்காரரு எங்க கீறாரு?"

எனக்கும் தெரியவில்லை.
"அந்தாளு எழுதுன புக்கு இருக்காமே, குடுங்க.
யார்கிட்ட பேசறோம்னு தெரிய வாணாமா."
கெட்டி அட்டையை நீட்டினேன்.
கையில் எடை பார்த்துத் திருப்பித் தந்தாள்.
"பழசு?"
7714 அவளோடு போனது.

எட்டாவது வரை படித்தவள்.
பதினோராம் நாள் வந்து விரித்துக் காட்டினாள்,
ஓரமெல்லாம் பென்சில்:
'இந்த மாசம் சங்கரா படாது.'
'ஐஸ் இப்டி ஒடையாது. பொய்யி.'
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும்
ஒன்றும் எழுதாமல் மூலையை மடித்திருந்தாள்.
துறைமுக ஆபீஸ் வாசலில் ஒருத்தி கத்துகிற பக்கம்:
"தோ பாரு கையெழுத்து போடுறவரே,
ஒன் பேனால இங்க் தீந்தா ஆபீஸ் குடுக்கும்.
என் வூட்ல ஆளு தீந்தா எவன் குடுப்பான்?"

அந்தப் பக்கத்தை முழுக்கத் தன் கையால் எழுதி
கீழே ஒன்பது பெயரும் படகு எண்ணும் சேர்த்து
தூதருக்கு அனுப்பினாள்.
மேற்கோள் குறியாவது போடு என்றேன்.
"இன்னாத்துக்கு? எங்களுதுதான."

தை பிறக்குமுன் ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள்.
அந்தப் பக்கத்தாலா, பேச்சுவார்த்தையாலா,
அந்த நாட்டின் ஏதோ விழாவுக்கான பொது மன்னிப்பாலா,
தெரியாது.
தேசம்மாவுக்கு இரண்டாவது பதில் வரவில்லை.
வராத அந்தப் பதில்தான்
அவர் எழுதியதிலேயே நல்ல பக்கம் என்று
நினைத்த நாட்களும் உண்டு எனக்கு.
கோழை என்று நினைத்த நாட்கள் அதைவிட அதிகம்.

பதவி முடிந்து
பாராட்டு விழாவுக்கு வந்தவர்
கூட்டத்திலிருந்து நழுவி என் மேஜைக்கு வந்தார்.
ஒவ்வொரு சொல்லுக்கும் பாஸ்போர்ட் பார்த்து
வெளியே அனுப்புகிறவர் போலப் பேசினார்.
"முதல் பதிப்பு… இங்கே இருக்கக்கூடுமா?"
பின்னால் வரிசையாய் நின்ற முப்பத்தெட்டை
நான் காட்டவில்லை.
"வெளிய போயிருக்கு சார்.
கெடு தாண்டி ஆறு வருஷம் ஆச்சு.
காசிமேட்டுல தேசம்மான்னு ஒருத்தங்க."

அந்தப் பெயருக்கு அவர் கண் சிமிட்டவில்லை.
அது அவருடைய பயிற்சி.
அபராதம் எவ்வளவு என்றார். சொன்னேன்.
சட்டைப்பை வரை போன கை
அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு
வெறுமனே இறங்கியது.
"வாணாம்பா. கேக்காதீங்க. அங்கியே கெடக்கட்டும்."

வெளியே மைக்கில்
அவருடைய பட்டங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.
இன்னும் பெயருக்கு வரவில்லை.