பின் சீட்டில்லாமல்

மூன்று ஞாயிறாய் காருக்கு அடியில் கிடக்கிறாள் தெக்வென்.
சிவப்பு ஹாட்ச்பேக், கதவோரம் துரு.
புது ஸ்பிரிங், புது டேம்பர்,
பின்னால் தடித்த ஆன்டி-ரோல் பார்.
எடை குறையட்டும் என்று
பின் சீட்டைக் கழற்றிக்
கோழிக்கூண்டுக்குள் தள்ளியாயிற்று.
கோழிகளுக்குப் பிடித்துப்போய்விட்டது.

டொல்கெத்லைக்கு மேலே, விடிகாலை, மழை விட்ட தார்.
மூன்றாவது கியரில்
மூக்கு சொன்ன பேச்சு கேட்கிறது.
வால்தான்
குழிக்குக் குழி துள்ளுகிறது.
டயரில் இரண்டு பவுண்டு காற்றை இறக்கினாள்.
டேம்பரில் ஒரு க்ளிக், பிறகு இன்னொன்று.
நோட்டில் எழுதி, அடித்து, எழுதினாள்.
வெட்டுக்கிளி இன்னும் வெட்டுக்கிளிதான்.

கற்சுவர் திரும்பும் இடத்தில்
கை காட்டி நின்றான் இட்வல்,
காலடியில் கால் ஒடிந்த செம்மறி.
"ட்ராக்டர் கிளம்பல. டாக்டர் வரைக்கும்..."
அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.
வெறும் தகரம்.
கோட்டைக் கழற்றி விரித்தாள்.

மெதுவாகத்தான் போனாள், சத்தியமாக.
ஆனாலும் பாலம் தாண்டிய இறக்கத்தில்,
அந்தப் பொல்லாத இடது வளைவில்,
கார் உட்கார்ந்தது.
அறுபது கிலோ ஈரக் கம்பளிக்குக் கீழே
பின் சக்கரங்கள் முதன்முறையாகத்
தரையோடு ராசியாயின.
கண்ணாடியில்
மஞ்சள் கண்கள், படுத்த கோடாய்ப் பாவை,
குறை சொல்ல எதுவுமில்லாத முகம்.

டாக்டர் வாசலில் நோட்டைத் திறந்தாள்.
பின்பக்கம், இன்னும் இரண்டு க்ளிக் மென்மை.
அந்தத் தடித்த பார் வேண்டாம்.
சீட்டைத் திரும்பப் போடணும்.

கோழிகளிடம் எப்படிச் சொல்வது?