கைநீளம் இருபத்து நான்கரை

பூபாலன் படையாச்சிக்குக்
கைநீளம் இருபத்து நான்கரை அங்குலம்.
என் அளவு நோட்டில் முப்பது வருஷம்
மாறாமல் கிடந்தது அது ஒன்றுதான்.

முதல் கோடு தைக்கக்
கடையின் பின்கதவைத் தட்டினான்.
கிரே தெருவில் விளக்கெல்லாம் அணைந்திருந்தது.
சாலிஸ்பரி தீவிலிருந்து கடைசி பஸ்.
கடற்படைக் கோட்டைச் செய்தித்தாளில் சுற்றி
மீன் வாங்கி வருகிறவன்போல் வந்தான்.
சாட்ஸ்வொர்த்தில் அவன் வீட்டுச் சுவரில்
வெள்ளைக்காரன் நாய் என்று
யாரோ தாரால் எழுதியிருந்தார்களாம்.
எழுத்துப்பிழை இருக்கிறது என்றான்.
சிரிக்கவில்லை.

இரண்டு மடங்கு கூலி கேட்டேன்.
பேசாமல் கொடுத்தான்.

எண்பத்தாறில் இரண்டாம் கோடு.
அந்த வாரம்தான் என் மகனைக் கொண்டுபோயிருந்தார்கள்,
எந்த ஜெயில் என்று சொல்லவில்லை.
கோட்டைப் போடச் சொல்லி
மணிக்கட்டருகே பொன்நாடாவை வைத்துக்
குண்டூசி குத்தினேன்.
துணியோடு நிறுத்தவில்லை. வேண்டுமென்றுதான்.
“ம், குத்துங்கள் அக்கா.”
கையை இழுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கதவடியில் ஒரு துண்டுச்சீட்டு.
ஓர் ஊர்ப்பெயர், ஓர் எண். அவ்வளவுதான்.
அவன் கையெழுத்தா என்று
அன்றும் கேட்கவில்லை, இன்றும் தெரியாது.
அடுத்த முறை ஒற்றைக் கூலி வாங்கினேன்.

கொடி மாறியது.
பித்தான்களைப் பிய்த்துப் புதியன தைத்தேன்.
மூன்றாம் கோட்டுக்கு
நட்டநடுப் பகலில், முன்வாசல் வழியாக வந்தான்:
கமாண்டர், அவன் பேருக்கு ஒரு கப்பல்.
தெருப்பையன்கள் சல்யூட் அடித்தார்கள்.
தார்வாளி பிடித்தவனும் அதில் நின்றிருப்பான்.
“ஒவ்வொரு பயணத்திலும் முதல் நாள்
வாந்தி எடுப்பேன் அக்கா,
வாளியை நானே கழுவிவிடுவேன்” என்றான்.
அன்றைக்குத்தான் இருவரும் சிரித்தோம்.

பிறகு அந்த ஆகஸ்ட்.
டிரான்ஸ்கை கரையோரம் கவிழ்ந்த மீன்படகு.
பதினொரு பேரைத் தூக்கினான்.
பத்திரிகை பதினொன்றை எழுதியது.
உப்பில் விறைத்த கோட்டோடு வந்து
அவன் சொன்னது பன்னிரண்டாமவனை:
மஞ்சள் மழைக்கோட்டு,
ஒரு காலில் மட்டும் பூட்ஸ்,
கயிற்றேணியின் கடைசிப் படியில் தொங்கியபடி
இவன் நீட்டிய கை.
“இருபத்து நான்கரை போதவில்லை அக்கா.”

நோட்டைத் திறந்தேன், மூடினேன்.
தையற்காரிக்கு அதற்கு மேல் என்ன தெரியும்.

நான்காம் கோட்டுக்கு இடம் விட்டுத்தான்
மூன்றையும் தைத்திருந்தேன். அது வரவில்லை.
ஓய்வு விழாவுக்கு முந்தின நாள்
இடுப்பில் இரண்டங்குலம் தளர்த்திக்கொண்டு போனான்.
கூலி வேண்டாம் என்றேன்.
மேசையில் வைத்துவிட்டுப் போனதை
எண்ணிப் பார்த்தேன்.
இரண்டு மடங்கு.