ஜமுக்காளம்

கூவம் செத்துப்போச்சு என்று
பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்கள் சொல்வார்கள்.
இறங்கிப் பார்த்ததில்லை அவர்கள்.
அரும்பாக்கத்தில், மெட்ரோ தூண் தாண்டி,
கரை சரிந்து தண்ணீருக்குள் போகிற இடத்தில்
முழங்கால் ஆழத்தில்
விரித்துக் கிடக்கிறது ஒரு சிவப்பு ஜமுக்காளம்.

கிட்டே போனால் அசைகிறது.
தலையைச் சேற்றில் புதைத்து
வாலை மேலே நீட்டி
வாலால் மூச்சு விடுகிற புழுக்கள்.
உள்ளங்கை அகலத்தில் ஆயிரம் இருக்கும்.
தண்ணீரில் காற்று குறையக் குறைய
வால் இன்னும் நீளும், இன்னும் வேகமாய் ஆடும்
என்பார் தேசிங்கு.
என் புருஷன். பத்தாவது ஃபெயில்.

அதே சரிவில் நத்தைகளும் உண்டு,
நீள வால் வைத்த ஈப்புழுவும்.
அவை விலை போகாது.
விலக்கி விட்டுவிட்டுத்தான் அள்ளுவார்.

காலையில் மேற்கேயிருந்துதான் இறங்குவார்.
நிழல் முதுகுக்குப் பின்னால் விழவேண்டும்.
தண்ணீரைத் தொட்டுவிட்டால்
ஜமுக்காளம் சட்டென்று உள்ளே போய்விடும்.
வெறும் கறுப்புச் சேறு.
பிறகு கால்மணி நேரம் அசையாமல் நிற்கவேண்டும்.

மூன்று நாள் சொட்டுச் சொட்டாய் நல்ல தண்ணீர் விட்டு
அலசினால்தான் கொளத்தூர்க் கடையில் எடுப்பார்கள்.
லாரி வருவது செவ்வாயும் வெள்ளியும்.
எட்டுக் குடத்தில் இரண்டு புழுவுக்கு.
ஒருநாள் கத்தினேன்,
என் தலைக்கு ஊத்தத் தண்ணியில்ல, இதுக்கா?
அவர் பேசவில்லை.
தட்டில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு
பந்தாய்ச் சுருண்டு கிடந்தன.
கோபத்தில் விரலால் பிரித்துப் போட்டேன்.
குடத்தை மூடிவிட்டு வந்து பார்த்தால்
மறுபடி பந்து.

கொளத்தூரில் கண்ணாடித் தொட்டியில்
நாலாயிர ரூபாய் மீன் ஒன்று அதைத் தின்றது.
"இது போட்டாத்தான்க்கா கலர் ஏறும்" என்றான் கடைப் பையன்.
என் நகக்கண்ணில் இன்னும் கூவம் இருந்தது.

இப்போது கரைக்குச் சுவர் வருகிறது,
செங்குத்தாய், சரிவே இல்லாமல்.
அதற்கு முன்னால் கணக்கெடுக்க
ஒன்பது மணி வெயிலில் ஒரு பெண் வந்தாள்.
தண்ணீரில் உயிர் இருக்கிறதா?
படிவத்தில் ஒரு கட்டம். ஆம், இல்லை.

"மேற்கால வந்து எறங்குங்கம்மா" என்றார் தேசிங்கு.
அவள் செருப்பைப் பார்த்தாள்.
மணியைப் பார்த்தாள்.
நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லையே."

அவள் போன பிறகு
வாளியைக் கீழே வைத்துவிட்டு
கால்மணி நேரம் அசையாமல் நின்றார்.