எத்தனை பேர்

காவேரிப்பாக்கத்தில் ஏறியதுமே கண்டக்டர் கேட்டார்,
"இன்னாத்துக்கும்மா குச்சி?"

எங்கள் படகின் பின்பலகை உயரம் அது.
இஞ்சுக் கணக்கில் சொன்னால்
எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள் என்று
தேசிங்கு சவுக்கில் வெட்டிக்கொண்டு வந்தது.
கத்தியால் இரண்டு கோடு போட்டிருந்தான்:
நான் மட்டும் ஏறினால் தண்ணீர் தொடும் இடம்,
அவனும் ஏறினால் தொடும் இடம்.
நடுவே இரண்டு விரற்கடை.

ஆறு வருஷமாக அந்த இரண்டு விரற்கடைதான்
என்னை ஏரிக்குள் கொண்டுபோய்க் கொண்டுவருகிறது.
அவன் துடுப்பு, என் வலை.
மீனில் பாதி, குத்தகைக் கடனில் பாதி.
போன ஐப்பசியில் அவன் வலது தோள் இறங்கியது.
ஆற்காட்டில் கட்டுப் போட்டார்கள்.
கட்டு அவிழ்ந்தது, தோள் ஏறவில்லை.

வேலூரில் நயீம் பாய் கடை.
இன்வெர்ட்டர்களுக்கு நடுவே
தலைகீழாகத் தொங்கின மூன்று மோட்டார், வௌவால் மாதிரி.
"முப்பது பவுண்டு, நாப்பத்தஞ்சு, அம்பத்தஞ்சு."
"பவுனா?" என்றான் தேசிங்கு.
"பவுண்டு. வேகம் இல்லப்பா, தள்ளுற பலம்."
"வெலயப் பாத்தா பவுன்தான்."

தண்டு நீளமா, குட்டையா?
கலங்கல் வழியும்போது
எல்லா மோட்டாரும் நல்ல மோட்டார்தான்.
நான் வைகாசியைச் சொன்னேன்:
மதகுப் பக்கம் முழங்கால் தண்ணீர்,
அடியில் தொடை மட்டும் சேறு,
மேலே கண்ணுக்கெட்டிய தூரம் ஆகாயத்தாமரை.
அந்த ஏரியில் சுற்ற வேண்டும் இந்த விசிறி.

பாய் குச்சியை வாங்கித் தண்டோடு சேர்த்து நிறுத்தினார்.
"முப்பது இஞ்சு போதும்.
முப்பத்தாறு எடுத்தா ஏர் ஓட்டலாம்."

பிறகு பேட்டரி.
தேசிங்கு இடது கையால் தூக்கிப் பார்த்து
உடனே வைத்துவிட்டான்.
பாய் பழைய பில்லின் முதுகில் கூட்டினார்:
படகு, வலை, ஐஸ் பெட்டி, பேட்டரி முப்பது கிலோ.
பேனாவை நிறுத்திக் கேட்டார்,
"எத்தனை பேர் போறீங்க?"

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை அவர்.
தேசிங்கு குச்சியைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.
இரண்டாவது கோட்டின் மேல் அவன் கட்டைவிரல்.

ஒரு ஆள் என்றால் முப்பது பவுண்டு தாராளம்.
அவன் பலகையில் பேட்டரி உட்காரும்.
பாதி மீன் கேட்காது.
ராத்திரி கொஞ்சம் கரண்ட் கேட்கும், அவ்வளவுதான்.
நான் இதை நினைக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன்.
வாலாஜா தாண்டும்போதே நினைத்தாயிற்று.

"முப்பதே குடு பாய்" என்றான் அவன்,
சுவரைப் பார்த்து.
"அவங்க ஒரு ஆளே சமாளிப்பாங்க."

"ஆடிக் காத்து பாத்திருக்கியா பாய்?" என்றேன்.
"ஒருத்தர் மோட்டாரப் புடிச்சாதான்
ஒருத்தர் வலைய வாங்க முடியும்.
விசிறில தாமர சுத்திக்கினா
யாரு குனிஞ்சி அறுக்கறது?"

காற்று அடிக்கும்தான். தாமரை சுற்றும்தான்.
நான் தனியாகவும் அறுப்பேன் என்பது
அங்கிருந்த இரண்டு பேருக்குத் தெரியும்,
பாய்க்குத் தெரியாது.

நாற்பத்தைந்து பவுண்டு.
நாலாயிரத்து இருநூறு கூடுதல்.
எதற்காக என்று பில்லில் எழுத இடமில்லை.

மத்தியானப் பஸ்ஸில் அதே கண்டக்டர்
பேட்டரிக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
தேசிங்கு பேசாமல்
வீட்டுச் சாவியால் குச்சியைச் சுரண்டிக்கொண்டே வந்தான்.
எட்டிப் பார்த்தேன். மூன்றாவது கோடு.
அதற்கு மேலே பலகை விளிம்புக்கு
நாலு விரல்தான் மிச்சம்.

ராணிப்பேட்டை பாலத்தில் வாயைத் திறந்தான்:
"ஐஸக் கொறச்சிக்கலாம்."