கம்பிக்கு இந்தப் பக்கம்

மிளகாய் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

கோகிலாம்பாள் அக்காவின் மசாலாப் பொட்டலத்துக்கு லேபிள்,
ஐந்நூறு.
காலை ஏழு மணிக்கு பெகிதெம்பா வேனோடு வந்து நிற்பான்.
எழுத்து இருக்கிறது, எடை இருக்கிறது,
'மிகக் காரம்' என்பதுகூட இருக்கிறது.
மிளகாயைத்தான் காணோம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது படம்.
என் கண்ணால் பார்க்கிறேன்:
காம்போடு, நிழலோடு, நானே வரைந்த மிளகாய்.
புதுச் செயலியைக் கேட்டால்
அப்படியொரு கோப்பே இல்லை என்கிறது.
தரமாட்டேன் என்றாலாவது சண்டை போடலாம்.
இல்லை என்கிறது.

அதன் வழியாகவே தேடிப் போனேன்.
வீடு என்று ஒன்றைக் காட்டியது.
பெயர்கூட என் பெயர்தான்,
உள்ளே ஒரு சாமான் இல்லை.
நேற்றுக் குடிவந்தவள் வீடு மாதிரி
சுவர் மட்டும் சுத்தமாக.

எட்டு மணிக்கு லோட் ஷெடிங்.
சாட்ஸ்வர்த் யூனிட் மூன்று ஒரே மூச்சில் இருண்டது,
எங்கோ ஓர் அலாரம் தன் சொந்த பேட்டரியில் அழுதது.
மடிக்கணினியில் நாற்பத்தொரு சதவீதம்.
மெழுகுவத்தி வாங்க மூலைக்கு நடந்தேன்.

அப்திராசாக்கின் டக் ஷாப்பில் யாரும் உள்ளே போக முடியாது.
இரண்டு முறை துப்பாக்கியோடு வந்தார்கள்;
அதன்பிறகு சன்னல் முழுக்கக் கம்பி,
கீழே ஒரு ரொட்டி நுழையும் இடைவெளி.
இந்தப் பக்கம் நின்று பெயர் சொல்ல வேண்டும்.
மெழுகுவத்தி என்றேன், வந்தது.
தீப்பெட்டி சொல்ல மறந்தேன்,
வரவில்லை.
கம்பிக்கு அந்தப் பக்கம் என்னென்ன இருக்கிறதென்று
எனக்கு இன்றுவரை தெரியாது.

பாதி வழியில் நின்றுவிட்டேன்.
லேபிளை நான் கையில் கொடுத்தேன், அது வாங்கிக்கொண்டது.
லேபிள் எந்த மிளகாயைக் கூப்பிடுகிறதோ
அதை நான் கொடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து அமைப்புகளைத் திறந்தால்
எல்லாக் கோப்புகளையும் பார்க்க விடலாமா என்று ஒரு பொத்தான்.
தட்டினால் வேலை முடிந்தது.
விரல் போய், நின்றது.

எல்லாம் என்றால்
வக்கீல் சுகுணவதியின் கடிதங்கள்.
தேசிகாவின் பிறப்புச் சான்றிதழ்.
தனசீலனின் பதினோரு குரல் பதிவுகள்,
ஒன்றையும் அழிக்கவில்லை,
ஒன்றையும் மறுபடி கேட்கவில்லை.
மிளகாய் காட்டுகிற செயலிக்கு இதெல்லாம் எதற்கு?

அவனிடமும் ஒரு காலம் எல்லாச் சாவியும் இருந்தது.
மார்ச்சில் பூட்டு மாற்ற வந்தவன் எத்தனை சாவி என்றான்.
ஒன்று என்றேன்.
இப்போது சனிக்கிழமை பத்து மணிக்கு
இரும்புக் கதவுக்கு வெளியே நின்று ஹாரன் அடிக்கிறான்.
தேசிகாவை, அவள் பையை, செருப்பை,
ஒவ்வொன்றாக வெளியே கொடுக்கிறேன்.
போன வாரம் ஆஸ்துமா பம்பைக் கொடுக்க மறந்தேன்.
பிள்ளைக்கு இரவு இளைத்திருக்கிறது.
பழைய நீலப் பம்பைத் தேடி எடுத்துக் கொடுத்தானாம்.
இதுகூடத் தெரியாதா என்று கத்தினேன்.
மருந்து மாறியது மே மாதம்.
நான் சொல்லவில்லை.

'மசாலா' என்ற ஒரே ஒரு கோப்புறையின் பெயரைத் தட்டினேன்,
ஸ்பெல்லிங்கை இரண்டு முறை பார்த்து.
பக்கத்தில்: படிக்க மட்டும்.
மூடித் திறந்தேன்.

வந்தது மிளகாய்,
எப்போதும் அங்கேயே இருந்த மாதிரி
கொஞ்சம் சாய்ந்து.

பன்னிரண்டு சதவீதம்.
மெழுகுவத்தி ஏற்றாமலே மேசையில் படுத்திருந்தது,
திரை வெளிச்சம் போதுமாக இருந்தது.
அந்த வெளிச்சத்திலேயே புது ஆரஞ்சுப் பம்பைப் படமெடுத்து
தனசீலனுக்கு அனுப்பினேன்.
படம் மட்டும்,
ஒரு வார்த்தை சேர்க்காமல்.

பத்தரைக்குக் கரண்ட் வந்தது.
பிரிண்டர் இருமிக்கொண்டு எழுந்தது.
முதல் தாளில் சிவப்பு சரியாக விழவில்லை,
மை தீர்ந்துகொண்டிருக்கிறது.