பெரட்டுக்கு முன்

அதிகாலை மூன்று ஐம்பது.
லிந்துலைக்கு மேலே, கொழுந்து மடுவத்தில்
தராசுக் கணினி எழும்ப மாட்டேன் என்கிறது.
கறுப்புத் திரை. மூலையில் துடிக்கும் ஒரு கோடு.
கிளார்க் நவமோகன் மஃப்ளருக்குள்ளிருந்து சொல்கிறார்:
"நேத்து புது டிஸ்க் போட்டோம் மிஸ். அவ்வளவுதான்."
அவ்வளவுதான் என்று சொல்லப்படுவதெல்லாம்
எனக்கு ஓவர்டைம்.

ஆறரைக்குப் பெரட்டு. ஒன்பதுக்கு முதல் நிறுவை.
அதற்குள் இது எழும்பாவிட்டால்
கைத்தராசு வரும், அதோடு பேனா வரும்,
சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும்
ஆளுக்கு இரண்டு கிலோ கழியும்.
அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.
அதைப் பேச என்னைக் கூப்பிடவில்லை.

மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது மிகச் சிறியது,
ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்.
தப்புச் சத்தம் மாதிரி:
எழும்பு என்பதைத் தவிர அதில் சொல்லே இல்லை.
அடுத்தவன் வட்டில் எங்கே படுத்திருக்கிறான் என்று
காட்டிவிட்டு ஓய்ந்துபோகும்.

அந்த அடுத்தவனோடுதான் என் வழக்கு.
இரண்டாம் கட்டம்.
கோப்பு வாசிக்கத் தெரிந்தவன்.
பலகையிலேயே பதிந்திருக்கும் கிழட்டு பயாஸைக் கேட்டு
நினைவகத்தில் எது காலி நிலம்,
எது கால் வைக்கக் கூடாத நிலம்
என்று பட்டியல் எடுப்பான்.
கெர்னலைத் தூக்கி வந்து
ஒரு மெகாபைட் எல்லைக்கு அப்பால் இறக்குவான்.
இன்னும் மேலே ஒரு மூட்டை:
முதல் சில நொடிக்கு வேண்டிய டிரைவர்கள்.
பிறகு ஒரு துண்டுச் சீட்டு: உன் வீடு இந்த வட்டில்.

இன்றைக்கு அவனுக்கு வீடு தெரியவில்லை.
பழைய டிஸ்க்கையே தேடிக்கொண்டு நிற்கிறான்.
அதுவோ நவமோகனின் மேசை இழுப்பறையில்,
ரப்பர் முத்திரைகளுக்கு அடியில்.
முப்பத்தாறு எழுத்து அதன் அடையாளம்,
உலகத்தில் இன்னொரு வட்டுக்கு வராதது.
என் அம்மா இருக்கும் லயத்தில் பன்னிரண்டு காம்பறா.
பன்னிரண்டுக்கும் சேர்த்து ஒரே விலாசம்,
தோட்ட ஆபீஸ்.
எனக்கு வேலை கிடைத்த கடிதம்
பதினோரு நாள் அங்கே கிடந்தது.

விரல் விறைக்கிறது.
கையாலேயே தட்டுகிறேன்: வேர் இது, கெர்னல் இது,
மூட்டை இது.
ஒரு சாய்கோடு விட்டுப்போச்சு. மறுபடி.
பிளேன்டீ வருகிறது, சீனி தனியாக உள்ளங்கையில்.

"இவன் நம்ம கணக்கப்பிள்ளை மாதிரி, இல்லையா மிஸ்?
பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புறது?"
முக்கால்வாசி சரி என்றேன்.
கணக்கப்பிள்ளை மலைக்கும் வருவார்,
மடுவத்துக்கும் வருவார், சம்பளத்தன்றும் நிற்பார்.
இவன் நிற்பதில்லை.
குறுக்கே கூப்பிடும் வாயெல்லாம் அடைத்து,
பழைய ஒடுங்கிய உலகத்தின் கதவைத் தள்ளி,
சீட்டு இருக்கும் இடத்தை மட்டும் சொல்லிவிட்டு
ஒரே தாவல்.
திரும்பி வரும் விலாசத்தை
எங்கேயும் குறித்து வைக்க மாட்டான்.
சுருண்டு கிடக்கும் கெர்னல் தன்னைத்தானே விரித்து
அவன் இருந்த இடத்தையும் காலி நிலமாய் எழுதிக்கொள்ளும்.
பிறகு அங்கே
யாரோ ஒரு பஞ்சவர்ணத்தின் கிலோ வந்து உட்காரும்.

நவமோகன் தேத்தண்ணியை ஊதினார்.
"அப்ப பாவம்தான்" என்றார்.

பூட் என்று தட்டி என்டரை அழுத்தினேன்.
திரை செத்தது.
எண்ணினேன்: ஒன்று, இரண்டு,
மூன்றில் பயம்,
நான்கில் எழுத்துகள் கொட்டின.

தராசு கண் திறந்து
நான்கு கிலோ முந்நூறு என்றது.
பூச்சியம் அல்லவா வர வேண்டும்?
தட்டின் மேல் என் கருவிப் பை.

பையை எடுத்துவிட்டு
புது விலாசத்தை நிரந்தரமாய் எழுதிச் சேமித்தேன்.
இல்லாவிட்டால் நாளை மூன்று ஐம்பதுக்கும் நான்தான்.

முதல் சாக்கு யாருடையது, எத்தனை கிலோ, தெரியாது.
ஒன்பது மணிக்கு நான்
கொட்டகலை வளைவில், பஸ் ஜன்னலில் தலை முட்ட,
நல்ல தூக்கம்.