முகமூடிக்கு அளவு

புதன்கிழமை பள்ளியில் விநோத உடைப் போட்டி.
களுவாஞ்சிக்குடி டிப்போவுக்குப் பின்னால் என் கடை.
திங்கள் பின்னேரம் மூன்று பேர் வந்தார்கள்,
ஆளுக்கொரு மீன்கொத்தியோடு.

அப்பா போனில் காட்டியது இரண்டாவது படம்.
கறுப்பு உடுப்பு, நெஞ்சில் தகடு.
கழுத்தைத் திருப்ப முடியாத மீன்கொத்தி.
இடப்பக்கம் பார்ப்பதென்றால்
லொறி மாதிரி முழுசாகக் கிறுகவேண்டும்.
"இதுதான்கா சரியான ஆள்" என்றார் குகநேசன்.
நீலம் எங்கே என்று கேட்டேன்.
"இருட்டில நீலம் கறுப்பாத்தானே தெரியும்."
பதினைந்து வருடம் கட்டாரில் வெல்டிங் செய்தவர்,
தகட்டில் நம்பிக்கை.

பத்தாம் வகுப்பு அக்கா மூன்றாவது படத்தின் பக்கம்.
அதில் அவன் அழுகிறான்.
காப்பாற்றாமல் விட்ட ஒருத்தியின் வாசலில்
பெல் அடிக்காமல் நின்றுவிட்டுத் திரும்புகிறான்.
உடுப்பு அவனே தைத்தது, தையல் கோணல்.
"அந்தக் கோணல்தான் வேணும் அன்ரி,
மிசின்ல நேரா அடிச்சிராதீங்க."
முப்பது வருடம் நேராக அடித்த கைக்கு
இதைவிடக் கஷ்டமான ஓடர் வந்ததில்லை.

நான் பார்த்தது முதலாவது.
கரண்ட் இல்லாத காலம், எருவில்,
ஆனந்தராசா வளவில் வாடகை டெக்கும் ஜெனரேட்டரும்.
தலைக்கு ஐந்து ரூபாய்.
மண்ணெண்ணெய் முடிந்துபோனதால்
கடைசிச் சண்டையை இன்றுவரை பார்க்கவில்லை.
இறுக்கக் காற்சட்டை முழங்காலில் சுருங்கும்.
கொஞ்சம் தொப்பை.
கயிறு தெரியத் தெரியப் பறப்பான்,
இறங்கியதும் பெல்ட்டைச் சரிசெய்வான்.
முகமூடி மூக்குவரைதான், வாய் வெளியே.
அடிவாங்கினவனிடம் குனிந்து
"நோகுதா?" என்று கேட்டுச் சிரிப்பான்.
இங்கிலீசு எங்களுக்கு விளங்காது,
ஆனந்தராசாதான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார்.
"நோகுதா" அவருடைய சொந்தச் சரக்காகவும் இருக்கலாம்.

லிதுர்ஷனுக்கு ஏழு வயது.
அதுவரை ஊசிப்பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான்.
நாடாவைத் தலையைச் சுற்றிப் பிடித்தேன்,
இருபதரை.
"ஒரு படத்திலயும் இல்லாத மாதிரி வேணும்" என்றான்.
"முழுக்க மூடுறது.
கண்ணுக்கு மட்டும் ரெண்டு ஓட்டை."

துணியை மடித்தேன்.
கண்ணுக்கு அடையாளம் வைக்கச் சோக்கை எடுத்தேன்.
கை அங்கேயே நின்றது.

துணி நீலம்தான். நல்ல பொப்ளின்.
ஆனால் அன்று அது சாக்கு.
பள்ளிக்கூட மைதானம், பத்து மணி வெயில்,
எங்களை வரிசையில் விட்டார்கள்.
ஜீப்பின் முன்சீட்டில் சாக்குப் போட்ட ஒரு தலை.
ஓட்டை இரண்டையும் ஆரோ அவசரத்தில் வெட்டியிருந்தார்கள்,
ஒன்று மேலே, ஒன்று கீழே.
தையல் பழகத் தொடங்கியிருந்தேன், அதைத்தான் பார்த்தேன்.
எனக்கு முன்னால் அண்ணன்.
தலை அசையவில்லை.
மறுகா அசைந்தது.

இன்றைக்கும் சந்தையில்
ஆம்பிளைகளை மூக்குக்கு மேலேதான் பார்க்கிறேன்.

"என்னகா, துணி காணாதா?"
"காணாது" என்றேன்.
மேசையில் மூன்று மீட்டர் விரிந்து கிடந்தது.
குகநேசன் துணியைப் பார்த்தார், சோக்கைப் பார்த்தார்.
அவருக்கும் என் வயதுதான்.
போனைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு
வெளியே போய் பஸ்ஸைப் பார்த்தபடி நின்றார்.

செவ்வாய் இரவு தைத்து முடித்தேன்.
நெஞ்சுக்கு அவர் கொண்டுவந்த தகடு.
தோளில் அக்கா கேட்ட கோணல்,
மூன்று தரம் பிரித்தடித்தும் நேராகவே வந்தது.
முகமூடி மூக்குவரை.

போட்டுப்பார்த்தவன் கண்ணாடியை முறைத்தான்.
"இதில நான் ஆரெண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."
"தெரியட்டும் மனே."
அழுகிற மாதிரி வாய் கோணியது.
அதுவும் நன்றாகவே தெரிந்தது.

கூலி ஆயிரத்தி ஐந்நூறு சொன்னேன்.
குகநேசன் நூறைக் குறைத்துத் தந்தார்,
தகடு அவருடையதாம்.